பன்னிரண்டாவது நாக்கு

தியோபிஸ்தா நபோசாவுக்கு வாழை என்றாலே குமட்டும். வெளியே சொல்லிக்கொள்ள முடியாத வியாதி இது. உகாண்டாவில், அதிலும் கம்பாலாவுக்கு வடக்கே இருக்கும் அந்தச் செம்மண் குன்றுகளில் பிறந்துவிட்டு வாழை பிடிக்காது என்பது, பெற்ற தாயைப் பிடிக்காது என்பதைவிடக் கொஞ்சம் மோசம். தாயைப் பிடிக்கவில்லை என்றாலாவது நாலு பேர் உட்கார்ந்து காரணம் கேட்பார்கள்.

காரணம் அவளிடம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக் காரணம். வாழை ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்செடி, பெயர்ப்பலகை, கண்ணாடிச் சன்னல் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம், வடிகால் ஓரமாக, தகரம் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. அழுகலுக்கு ஒரு நாள் முன்பு வரை பழுக்கவைத்த வாழைத்தார்கள் அங்கே வந்து சேரும். அவற்றை உரித்து, வாளியில் போட்டு, முழங்கைவரை விட்டுப் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, விதை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவள் உத்தியோகம்.

வாழைப்பழத்தில் விதை ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடையாதுதான். இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்குத்தான் ஆராய்ச்சிப் பண்ணை என்று பெயர்.

கதை இப்படி. அந்த ஊர்க்காரர்கள் மூன்று வேளையும் வேகவைத்துத் தின்னும் மத்தோக்கே வாழைக்கு இலைக்கருகல் வந்துவிட்டது. இலை கறுத்துத் தொங்கும். தார் போடும், ஆனால் காய் குழந்தையின் விரல் போல இருக்கும். அந்த நோயை அண்டவிடாத காட்டுவாழை ஒன்று ஆசியாவிலிருந்து வந்து பண்ணையில் நிற்கிறது. அதன் பழத்தைக் குரங்குகூட யோசித்துத்தான் தின்னும். விடியற்காலையில் ஆண்கள் ஏணி போட்டு ஏறி, காட்டுவாழையின் மகரந்தத்தை மத்தோக்கேயின் பூவில் தடவிவிட்டு, பை கட்டி, இறங்கி, தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தார்கள் தியோபிஸ்தாவிடம் வரும். நூறு தார் பிசைந்தால் ஒரு கைப்பிடி விதை. அதில் பாதி உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு. மீதியை ஆய்வுக்கூடத்துப் பெண் ஃப்ளாவியா வாங்கிக்கொண்டு போய், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் உடைத்து, மணல் பருமனுள்ள கருவை எடுத்து, கண்ணாடிக் குழாயில் ஜெல்லிமேல் கிடத்துவாள். மனம் இருந்தால் அது முளைக்கும். முளைத்ததை நறுக்கி நாலாக்கி, நாலைப் பதினாறாக்கி, ஒரே விதையிலிருந்து ஒரு மாவட்டத்துக்கே கன்று கொடுத்துவிடலாம்.

பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கண்ணாடிக் குழாயைப் படம் பிடிப்பார்கள். ஃப்ளாவியாவின் வெள்ளைக் கோட்டைப் படம் பிடிப்பார்கள். கொட்டகைப் பக்கம் ஒருவன்தான் வந்தான். வாசலிலேயே நின்று கைக்குட்டையை எடுத்தான், கேமராவை எடுக்கவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. சளி தெரியுமல்லவா, நெஞ்சில் கட்டிப் பழுத்த மஞ்சள் சளி. அதில் ஒரு வாளி. அதற்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். புளித்த வாடை மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி அங்கேயே குடித்தனம் வைக்கும். சின்ன ஈக்கள் கண்ணோரத்தில் உட்காரும். விரட்டக் கை கிடையாது, கை வாளிக்குள் இருக்கிறது. குளவிகள் தனி. வாழைக்கறை பட்டுப் பட்டு நகமெல்லாம் கறுத்து, விரலிடுக்கில் வெடித்து, சோப்புப் போட்டால் எரியும், போடாவிட்டால் நாறும். எரிந்தபிறகும் நாறும்.

இதே பழத்தைக் கிராமத்தில் ஆண்கள் தொட்டியில் போட்டு, புல்லோடு சேர்த்து, பாட்டுப் பாடிக் காலால் மிதிப்பார்கள். கடைசியில் அவர்களுக்குச் சாராயம் கிடைக்கும். இவள் கையால் மிதிக்கிறாள், பாட்டும் இல்லை, கடைசியில் கிடைப்பது மிளகு அளவு கறுப்பு விதை, அதுவும் பொக்கு. ஆனால் சாராய வாடை மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. வேனில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்து ஸீட்காரர்கள் தள்ளி உட்காருவார்கள். ஒருமுறை ஒரு பாதிரி, முன்பின் அறியாதவர், அவள் தலையில் கைவைத்து, குடியிலிருந்து இந்தச் சகோதரியை மீட்டருளும் என்று ஜெபித்து, வேன் முழுக்க ஆமென் சொல்ல வைத்துவிட்டார். அவளும் ஆமென் சொன்னாள். வேறென்ன செய்ய. விதை தேடுகிறேன் என்றால் நம்பவா போகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் வாழை. புருஷன், நாலு பிள்ளைகள், மாமனார். தினம் காய் சீவி, இலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து, பொதியோடு அமுக்கிப் பிசைந்து, திறந்து வைப்பாள். எல்லாம் வாயால் மூச்சு விட்டபடி. தனக்கு மட்டும் ஒரு சட்டியில் சோளமாவு கிளறி, அடுப்படியில் திரும்பி உட்கார்ந்து தின்றுகொள்வாள். அது ஜெயிலில் போடும் சாப்பாடு. கேட்டால், வயிற்றுப்புண், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பாள். எந்த டாக்டர் என்று பத்தொன்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை. டாக்டர் செம்வாங்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் வாழைக்கு டாக்டர், பண்ணையின் இயக்குநர்.

இந்தச் செம்வாங்காவின் முதல் வெற்றி ஒன்பதாம் நம்பர். அவள் கையில் அகப்பட்ட விதைதான். நோய் தொடாத இலை, தடித்த தார். பாண்டு வாத்தியம், பந்தல், ஒரு மந்திரி வந்து தாரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நம் விதையாயிற்றே என்ற நப்பாசையில் தியோபிஸ்தா தன் அரை ஏக்கரில் இருபது பழைய வாழைக்குத்தைத் தோண்டி எறிந்துவிட்டு அதை நட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து முதல் தார் வெட்டி வேகவைத்தாள். மாமனார் ஒரு கவளம் எடுத்தார். மென்றார். எழுந்து வெளியே போனார். பிள்ளைகள் பன்றிக்குப் போட்டன. பன்றி தின்றது என்பதை மட்டும் பண்ணையின் அறிக்கையில் ‘மாற்றுப் பயன்பாடு’ என்று போட்டிருந்தார்கள். ஊரெங்கும் இதே கதை. கன்றைத் தலையில் சுமந்துபோய் நட்டவர்களெல்லாம் அதைச் சுமந்துபோய்ப் பள்ளத்தில் தள்ளினார்கள்.

ஒன்பதாம் நம்பரை ருசி பார்க்காமலா வெளியே விட்டார்கள்? பார்த்தார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பண்ணையில் ருசி பார்க்க முறையான ஏற்பாடு உண்டு. சுற்றுவட்டாரத்திலிருந்து, பெரிய குடும்பத்துக்குச் சமைக்கிற பெண்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, ஆளுக்கொரு கவளம் இலையில் கொடுத்து, ஒரு தாளும் கொடுப்பார்கள். தாளில் ஆறு முகம் வரைந்திருக்கும். முதல் முகம் அழும், ஆறாவது முகம் பல் தெரியச் சிரிக்கும். பிடித்த முகத்தில் கோடு போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த முறை. வெளிநாட்டில் அது நன்றாக வேலை செய்திருக்கும்.

இங்கே, சாப்பிட்டு முடித்தால் சமைத்தவளைப் பார்த்து, நல்லா சமைச்சீங்க என்று சொல்லியாக வேண்டும். உப்பில்லையா, வேகவில்லையா, ஈ விழுந்து கிடந்ததா, எதுவானாலும் அதே வாக்கியம். சொல்லாமல் எழுந்துபோன குடும்பத்துக்கு அந்த வட்டாரத்தில் பெண் கிடைக்காது. ருசி பார்க்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சன்னல். அந்தச் சன்னலில் முழங்கையை ஊன்றி, சமைத்தவள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்க்க, அவள் சோற்றுக்கு அழுகிற முகத்தில் கோடு போடும் அளவுக்கு அந்த நாட்டில் எந்தப் பெண்ணும் வளர்ப்புச் சரியில்லாமல் போய்விடவில்லை. ஆக, பன்னிரண்டு தாளிலும் ஆறாவது முகம். ஒவ்வொரு தடவையும். எல்லா வாழைக்கும். நூற்றுக்கு நூறு பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்று டாக்டர் செம்வாங்கா வெளியூர்க் கூட்டங்களில் கட்டுரை வாசித்துவிட்டு வந்தார். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. உண்மையைத் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான்.

சன்னலில் நிற்பவள் கெவினா. தியோபிஸ்தாவின் புருஷனுக்கு அக்கா. அந்த வட்டாரத்திலேயே கல்யாணம், கருமாதி எதுவானாலும் கெவினா கைதான். தம்பி பெண்டாட்டி அவளைக் கண்டால் மண்டியிட்டு வணங்க வேண்டும். சேறானாலும் மண்டியிட வேண்டும்.

இப்போது பதினாலாம் நம்பரும் இருபத்தேழாம் நம்பரும் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தன. இரண்டும் இலைக்கருகலுக்கு அசராதவை. இரண்டும் தியோபிஸ்தா வாளியில் பொறுக்கிய விதைகள். இரண்டில் ஒன்றைத்தான் குழாயில் பெருக்கி ஊருக்குக் கொடுப்பார்கள். மற்றதை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். ருசியில் இரண்டும் சமமென்றால் எடை கூடியது ஜெயிக்கும் என்பது விதி. பதினாலு ஒரு தார் போட்டால் இரண்டு பேர் தூக்க வேண்டும். மந்திரி கட்டிப்பிடிக்கத் தோதான தார். சமமாகத்தான் வரும் என்பது செம்வாங்காவுக்குத் தெரியும், சமமாகத்தானே எப்போதும் வருகிறது. பந்தல்காரனுக்கே சொல்லிவிட்டிருந்தார்.

தியோபிஸ்தாவின் அரை ஏக்கரில் நாற்பது குத்து பாக்கி. நாற்பதும் கறுத்துக்கொண்டிருந்தன. மாமனார் தினம் காலையில் போய் அவற்றைப் பார்த்துவிட்டு, இவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். பண்ணையில் வேலை செய்கிறவள் அல்லவா. இந்த நாற்பதைத் தோண்டிவிட்டுப் பதினாலை நட்டால், இன்னும் ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் ஏழு பேருக்கும் சோளமாவுதான். ஜெயில்.

பதினாலு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். தின்று பார்த்ததில்லை. குமட்டுகிறவளுக்கு மூக்கு கூர்மை. வாழையை விரும்புகிறவனுக்கு எல்லா வாழையும் வாழை. வெறுக்கிறவளுக்குத்தான் ஒவ்வொன்றும் வெவ்வேறு அருவருப்பு. இருபத்தேழு அவளைக் குமட்ட வைத்தது, பழைய நல்ல மத்தோக்கே குமட்ட வைக்கிற மாதிரியே. பதினாலு அப்படியில்லை. வேகும்போது ஈரச் சாக்கும் பழைய ரப்பரும் சேர்ந்து கிளம்பும் ஒரு நாற்றம். அப்பனான காட்டுவாழையின் நாற்றம் அது.

பரீட்சையன்று காலை, தார்களைச் சமையலறையில் இறக்கிவிட்டு அவள் திரும்பும்போது, கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டாவது பெண் வீட்டில் சாவு. மற்ற பதினொரு பேரும் தின்று, முகத்தில் கோடு போட்டு, தாளைக் கொடுத்து, சன்னல் பக்கம் திரும்பி நன்றியும் சொல்லி முடித்தாயிற்று. பன்னிரண்டு இல்லாவிட்டால் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரன் பரீட்சையே செல்லாது என்பான். செம்வாங்கா சுற்றுமுற்றும் பார்த்தார். ஏப்ரனில் வாழைக்கூழ் வடிய நின்றவள் கண்ணில் பட்டாள்.

“ஞாபோ, உங்க வீட்டுல எத்தன பேரு?”

அம்மணி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏழு பேர் என்றாள்.

“சமையல் நீங்கதான? போதும். வந்து உக்காருங்க. ரெண்டு வாய்தான்.”

தனக்கு வயிற்றுப்புண் என்றாள். ரெண்டு வாயில் யாரும் செத்ததில்லை என்றார். பதினொரு பெண்களும் மூக்கைச் சுளிக்காமல் நகர்ந்து இடம்விட்டார்கள், நல்ல வளர்ப்பு. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு இலைப்பொதி. ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல். எது எது என்பது இயக்குநருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று பேர். சிவப்புப் பொதியைப் பிரித்ததும் ஈரச் சாக்கு அவள் முகத்தில் அடித்தது. சன்னலில் கெவினா, கைகளைத் துணியில் துடைத்தபடி.

வாயில் போட்டாள். அது நாக்கில் உட்காரவில்லை, ஒட்டிக்கொண்டது. மெல்ல மெல்லப் பெரிதானது. விழுங்கிவிடலாம். விழுங்கி, ஆறாவது முகத்தில் கோடு போட்டு, நல்லா சமைச்சீங்க மதினி என்று சொல்லிவிட்டுப் போனால் இந்த வாரத்துக்குக் குடும்பத்தில் அமைதி. மாமனாரின் முதுகு வாசலைத் தாண்டிப் போவது கண்ணுக்குள் வந்தது. அவளுடைய தொண்டை அவளைக் கேட்கவில்லை. குனிந்து, இலையிலேயே துப்பிவிட்டாள்.

இரண்டாவது வரிசையில் நசீவா என்ற கிழவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். சன்னலில் துணி நின்றுவிட்டது.

தியோபிஸ்தா தண்ணீர் கொப்பளித்தாள். வெள்ளை நூலைப் பிரித்தாள். மஞ்சளாக, மெத்தென்று, அந்தப் பழைய அருவருப்பான வாசனையோடு. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள்.

முதலாவதற்கு அழுகிற முகம். ஒரு மார்க். இரண்டாவதற்கு உம்மென்றிருக்கும் மூன்றாவது முகம்.

செம்வாங்கா தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்க முயன்றார்.

“என்ன இது? ரெண்டும் உங்களுக்குப் பிடிக்கலயா?”

“எனக்கு வாழையே ஆகாது, ஐயா.”

“அப்ப உங்க நாக்கு எப்படிச் செல்லும்?”

“ஆகாத நாக்கே இதை முழுங்கிருச்சு. அதை முழுங்க முடியல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எழுதிக்குங்க.”

அப்போது நசீவா கிழவி, என் தாளைக் கொஞ்சம் தருகிறீர்களா ஐயா, முகம் ஒன்று தவறிப் போய்விட்டது என்றாள். பக்கத்தில் இருந்தவளும், எனக்கும் என்றாள். கொடுத்த தாளைத் திரும்பத் தரக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் செம்வாங்கா. வீட்டில் ஆறு பேருக்கு மேல் சமைக்கிற எந்தப் பெண்ணும் தகுதி என்பதும் அவர் எழுதியதுதான், அடியில் அவர் கையெழுத்து. தியோபிஸ்தாவின் தாளைத் தள்ளுபடி செய்யலாமா என்று அரைமணி நேரம் தன் காகிதத்தையே தடவிப் பார்த்தார், வாளிக்குள் விதை தேடுகிறவர் மாதிரி. ஒன்றும் அகப்படவில்லை.

பதினாலுக்கு அறுபத்தேழு. இருபத்தேழுக்கு அறுபத்தொன்பது. பதினொரு நாக்கின் மரியாதை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, ஒரு நாக்கின் அருவருப்பு மட்டும் மிஞ்சி நின்றது. சமமில்லை என்றானபிறகு எடைக்கு வேலையில்லை. அன்று மத்தியானமே இருபத்தேழாம் நம்பரின் கன்றை ஃப்ளாவியா கழுவி நறுக்க ஆரம்பித்துவிட்டாள். பந்தல்காரனுக்கு வேறு தேதி சொன்னார்கள்.

தியோபிஸ்தாவுக்கு அதில் சந்தோஷப்பட நேரமில்லை. சமையலறைக்குப் பின்னால், சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில், கெவினா பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பானையில் ஒன்றும் இல்லை. தியோபிஸ்தா போய் மண்டியிட்டாள்.

“என் கையில தின்னுட்டு இதுவரைக்கும் எவளும் துப்புனதில்ல,” என்றாள் கெவினா, திரும்பாமல்.

“உங்க கை இல்ல மதினி. மரம்.”

“மரத்த வேகவச்சது யாரு? அத்தன ஆம்பளைங்க முன்னால.”

“ஒரு ஆம்பளதான் இருந்தாரு.”

“வாய மூடு.” பானையை வைத்தாள். “சரி, கேக்கறேன். என் கைக் கோளாறா இருந்திருந்தா?”

“முழுங்கியிருப்பேன்.”

விருந்தாளிகள் போனபிறகுதான் சமைத்தவள் வாயில் வைக்க வேண்டும். பண்ணைச் சோறு காவல்காரன் நாய்க்குத்தான் போகும் என்பதால் பரீட்சைக் காயைக் கெவினா வாயில் வைத்ததே இல்லை. சிவப்பு நூல் பொதியில் மீதி கிடந்தது. ஒரு கவளம் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். தாடை மெதுவாகி நின்றது. சாம்பல் மேட்டுப் பக்கம் திரும்பித் துப்பினாள். மறுபடியும் துப்பினாள். கைத்துணியால் நாக்கைத் துடைத்தாள்.

“பதினொரு பேரு,” என்றாள். “ஒவ்வொருத்தியும் என் கையப் பிடிச்சு, மகராசி, என்னமா சமைச்சிருக்கேன்னாளுங்க. நசீவா கண்ணுல தண்ணி வந்துச்சு.”

“தண்ணி வந்திருக்கும் மதினி. ஏன் வந்துச்சுங்கறதுதான் வேற.”

கெவினா சிரிக்கவில்லை. சாம்பலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோல, போன வருஷம் கோயில் திருநாளுக்கு முன்னூறு பேருக்கு ஆக்கிப் போட்டதைப் பற்றிக் கேட்டாள். பிஷப்பின் வீட்டு விசேஷத்தைப் பற்றிக் கேட்டாள். தன் சொந்தப் புருஷனைப் பற்றிக் கேட்டாள். முப்பது வருஷம், ஒரு நாள்கூட நன்றி சொல்லத் தவறாத மனுஷன். அவரும் அப்படித்தானா என்றாள். அந்த விருந்துகள் எதிலும் தியோபிஸ்தா ஒரு கவளம் தின்றதில்லை.

“நீ ஒருத்திதான் மூஞ்சியில காட்டறவ,” என்றாள் கெவினா. “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா என் வீட்டுக்கு வா. நாலு விதமா வேகவச்சு வைக்கிறேன். தின்னுட்டுச் சொல்லு. மறைக்கக் கூடாது.”

“மதினி, எனக்கு வயித்துப்புண்ணு…”

“உன் வயித்துக்கு ஒண்ணும் இல்லேன்னு எனக்கு எப்பவோ தெரியும். இந்த ஞாயிறு மட்டும் இல்ல, எல்லா ஞாயிறும் வா.”

புருஷனின் அக்கா கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்ல அந்த ஊரில் வார்த்தை கிடையாது. மண்டியிட்டபடியே, சரிங்க என்றாள். இப்போதிருந்தே வாயால் மூச்சு விட ஆரம்பித்தாள்.